கேதார்காந்தா, டிசம்பர் இறுதி: பாதையின் பனி நிலை, புறப்படும் நேரம், இறக்கம்

கோவைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரத்தில் நாங்கள் நால்வர் உத்தராகண்ட் மாநிலத்தின் கேதார்காந்தா மலைக்குச் செல்ல இருக்கிறோம். டேராடூன் வரை விமானம், அங்கிருந்து சாங்கிரி கிராமத்துக்கு வண்டி, பிறகு ஜூடா கா தாலாப் ஏரி, அடிவார முகாம், உச்சி, ஹர்காவ் வழியாக இறக்கம் என்று வழிகாட்டிக் குழுவினர் நாள்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நால்வரும் வெள்ளியங்கிரியில் ஏழாம் மலை வரை ஏறியவர்கள். இருவர் பர்வதமலையின் கடப்பாறைப் படியையும் ஏறியிருக்கிறார்கள். பனியில் நடந்த பழக்கம்தான் ஒருவருக்கும் இல்லை. உதகையில் ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்ததோடு சரி.

பாதை நிலவரம் குறித்துத் தேடினால் குழப்பமே மிஞ்சுகிறது. ஒரே வாரத்தில் சென்று திரும்பிய மூவரில் ஒருவர் முழங்கால் அளவு பனி இருந்தது என்கிறார். இன்னொருவர் சேறுதான் அதிகம் என்கிறார். மூன்றாமவர் கால் வைக்க முடியாதபடி வழுக்கியது என்கிறார். பனி உண்மையில் எவ்வளவு ஆழம் இருக்கும், மைக்ரோஸ்பைக்ஸ் (வழுக்காமல் இருக்க ஷூவின் மேல் மாட்டும் பற்சங்கிலி) கட்டாயம் தேவையா, உச்சிக்கு அதிகாலை 3 மணிக்கே புறப்பட வேண்டும் என்கிறார்களே, அது அவசியந்தானா என்ற மூன்றையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தேவதாரு எழுதியது:

வணக்கம். நீங்கள் படித்த மூவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். சாங்கிரி ஏறக்குறைய 1,950 மீட்டர் உயரத்திலும் உச்சி 3,800 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. இடையில் தேவதாரு, பைன், ஓக் மரக் காடு, திறந்த புல்வெளிகள், மரமே இல்லாத முகடு என்று மூன்று விதமான நிலம் வருகிறது. ஒரே நாளில் மூன்றிலும் பனி மூன்று விதமாக நடந்துகொள்ளும். நிழல் விழும் காட்டுப் பாதையில் விழுந்த பனி பல நாள் கரையாமல் கிடக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான காலடிகளும் கோவேறு கழுதைகளின் குளம்புகளும் அதை அழுத்தி அழுத்திப் பனிக்கட்டியாக்கிவிடும். வெயில் படும் புல்வெளியில் பகலில் மேல்புறம் இளகி, இரவில் மீண்டும் இறுகி, மேலே ஓடு போலவும் உள்ளே பொடியாகவும் நிற்கும். அங்கே பாதையை விட்டு ஓரடி விலகினாலும் கால் முழங்கால்வரை இறங்கும். முகட்டிலோ காற்று புதுப் பனியை வாரிக்கொண்டு போய்விடுவதால், பாறை தெரியும் திட்டுகளும் இறுகிய பனியும் மாறி மாறி வரும். சேறு என்று எழுதியவர் மதியத்துக்குப் பிறகு கீழ்க்காட்டில் நடந்திருப்பார். வழுக்கியது என்றவர் அதே இடத்தைக் காலை 7 மணிக்குக் கடந்திருப்பார்.

ஆகவே ஆழத்தைக் கேட்பதால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. ஆழமான புதுப் பனியில் நடப்பது களைப்பைத் தரும், வேகம் பாதியாகும், விழுந்தால் பெரும்பாலும் மெத்தையில் விழுந்த கதைதான். இரண்டு அங்குலம் மட்டுமே உள்ள, நேற்றுப் பகலில் இளகி இரவில் உறைந்த மிதிபட்ட பாதைதான் மணிக்கட்டையும் முழங்காலையும் உடைப்பது. அதனால் கேட்க வேண்டியவை வேறு. கடைசியாகப் பனி பொழிந்து எத்தனை நாள் ஆயிற்று? அதன் பிறகு வானம் தெளிவாக இருந்ததா? நீங்கள் அந்த இடத்தைக் கடக்கப்போவது எந்த மணிக்கு? இவற்றுக்கு விடை தெரிந்தால் பாதையின் நிலையை ஓரளவு வீட்டில் இருந்தபடியே ஊகிக்கலாம்.

இமயத்தின் இந்தப் பகுதிக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்தியக் கலக்கம் எனப்படும் வானிலை அமைப்பு. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து வரும் இவை, ஒன்று வந்து போனபின் அடுத்தது வர சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். டிசம்பரில் இவை வலுவாக வராத ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் வரையிலும் கீழ்ப்பாதை பழுப்பாகவே கிடப்பதுண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பனி கூடுதலாக நம்பத்தக்கது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டேராடூன் மையம் மாவட்ட வாரியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறது. கேதார்காந்தா உத்தரகாசி மாவட்டத்தில் வருகிறது. புறப்படும் வாரத்தில் அதைத் தினமும் பாருங்கள். கைப்பேசிச் செயலிகள் பள்ளத்தாக்கின் வானிலையை உச்சிக்கும் சேர்த்துச் சொல்லிவிடும்.

வெப்பநிலைக்கு ஒரு கணக்கு உண்டு. 1,000 மீட்டர் ஏற ஏறச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பதால், சாங்கிரிக்கும் உச்சிக்கும் இடையே ஏறக்குறைய 12 பாகை வேறுபாடு வரவேண்டும். தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் மட்டும் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிடுவதால் இந்த வேறுபாடு சுருங்கும். மேலே காற்று வீசத் தொடங்கியதும் கணக்கே மாறிவிடும்: -10 பாகையில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது -20 பாகை அளவில் படும். கேதார்காந்தா உச்சி முழுவதும் திறந்தவெளி; ஒதுங்க ஒரு மரமும் கிடையாது.

மைக்ரோஸ்பைக்ஸ் கட்டாயம் தேவை. தொடக்கத்திலிருந்தே காலில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பையின் மேல் அறையில், உடனே எடுக்கும்படி இருந்தால் போதும்.

பொதிகை எழுதியது:

தேவதாரு அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மைக்ரோஸ்பைக்ஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பலரும் அதைச் செருப்பு மாட்டுவது போல மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நீள்வட்டமான ரப்பர் பட்டை, அதிலிருந்து தொங்கும் சங்கிலி, சங்கிலியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுப் பற்கள்: இவ்வளவுதான் அதன் அமைப்பு. சாங்கிரியில் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும்போது ரப்பரும் சங்கிலியும் சேரும் வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு விழுந்தால் அங்கேதான் முதலில் விழும், குளிரில் விறைத்த ரப்பர் அறுவதும் அங்கேதான். பற்கள் பாறையில் தேய்ந்து மொட்டையாகியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்பக்கத்தைப் பெருவிரல் பக்கம் சரியாகப் பொருத்திக்கொண்டு பின்பக்கத்தைக் குதிகாலுக்கு மேல் இழுத்து ஏற்ற வேண்டும்; மாட்டியபின் சங்கிலி பாதத்தின் அடியில் தொய்வில்லாமல் நிற்க வேண்டும். தொய்வு இருந்தால் சரிவில் குறுக்காக நடக்கையில் அது பக்கவாட்டில் நழுவி, பற்கள் ஷூவின் ஓரத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று, வெயில் ஏறியபின் ஈரப் பனி பற்களுக்கிடையில் உருண்டு திரண்டு, அடியில் ஒரு கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்போது பற்கள் தரையைத் தொடுவதே இல்லை. வெறும் ஷூவை விட மோசமாக வழுக்கும். நான்கைந்து அடிக்கு ஒருமுறை ஊன்றுகோலால் ஷூவின் பக்கவாட்டில் தட்டி உதிர்க்க வேண்டும். செங்குத்தான கெட்டிப் பனிக்கட்டிக்கு மைக்ரோஸ்பைக்ஸ் ஏற்றதன்று. அதற்கு நீண்ட கூர்முனைகள் கொண்ட கிராம்பான் வேண்டும், கிராம்பானுக்குக் கெட்டியான அடியுள்ள பூட்ஸ் வேண்டும், இரண்டையும் பயன்படுத்தப் பயிற்சி வேண்டும். கேதார்காந்தாவின் வழக்கமான பாதைக்குச் சாதாரணமாக அது தேவைப்படுவதில்லை.

3 மணிப் புறப்பாட்டுக்கு வருகிறேன். அது சூரிய உதயப் படத்துக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கம் அன்று. இரவில் பனி இறுகி நிற்கிறது, பற்கள் நன்றாகக் கடிக்கின்றன, கால் புதைவதில்லை. வெயில் ஏறி மேல்புறம் கூழாகும் முன்னால் செங்குத்தான பகுதியைக் கடந்து இறங்கிவிடலாம். பிற்பகலில் மேகம் சூழ்வதும் மலையில் வழக்கம். ஆகவே நான் அதிகாலைப் புறப்பாட்டின் பக்கம்தான்.

தேவதாரு எழுதியது:

பொதிகை அம்மா சொல்லும் காரணங்கள் உயரமான மலைகளுக்கு அப்படியே பொருந்தும். இந்த மலையில், இந்த வாரத்தில், வேறொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது: கூட்டம்.

டிசம்பர் 24 முதல் புத்தாண்டு வரை கேதார்காந்தாவில் ஏறுவோரின் எண்ணிக்கை, அந்தப் பாதை தாங்கும் அளவைத் தாண்டிவிடுகிறது. எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் புறப்படுவதால், கடைசி ஏற்றத்தில் ஒற்றையடித் தடத்தில் வரிசை நிற்கிறது. முன்னால் ஒருவர் நின்றால் பின்னால் ஐம்பது பேர் நிற்க வேண்டும். ஏறும்போது வியர்த்த உடம்போடு, காற்றடிக்கும் சரிவில், இருட்டில் அரை மணி நேரம் அசையாமல் நிற்பது குளிர் பிடிப்பதற்கு மிக எளிய வழி. அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் எழுவது காலை 7 மணிக்குப் பிறகுதான். 3 மணிக்குக் கிளம்பி 5.45க்கு மேலே சேர்ந்துவிட்டவர்கள், விடியும்வரை நடுங்கிக்கொண்டு காத்திருப்பதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கலாம்.

5 அல்லது 5.30க்குக் கிளம்பினால் கடைசி ஏற்றம் வெளிச்சத்தில் வரும். கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். முதல் வரிசைகள் இறங்கத் தொடங்கியிருக்கும். 9 மணி அளவில் உச்சியில் இருந்தாலும் ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் சிகரங்கள் மூன்றும் அதே இடத்தில்தான் நிற்கும், படமும் நன்றாகவே வரும். டிசம்பர் இறுதியில் வெயில் சாய்வாக விழுவதால் நிழற்சரிவுகள் 10 மணிக்கும் இளகுவதில்லை. பனி கூழாகிவிடும் என்ற அச்சம் மார்ச், ஏப்ரலுக்கு உரியது.

வழிகாட்டி ஒப்புக்கொள்வாரா என்பது தனிக் கேள்வி. நால்வராக வருகிறீர்கள் என்பதால் முன்கூட்டியே பேசிப் பாருங்கள்.

வால்பாறை எழுதியது:

நான் இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் இறங்கி வந்தவன் என்பதால், பாதையில் நேரில் கண்டதை எழுதுகிறேன். நீங்கள் போகும்போது இது மாறியிருக்கும். எந்த இடங்கள் எப்போதும் தொல்லை தருபவை என்பதற்காக மட்டும் படியுங்கள்.

சாங்கிரியிலிருந்து தாலாப் வரை காட்டுக்குள் ஓடைகளைக் கடக்கும் இடங்கள் சில உள்ளன. பனியே இல்லாத நாளிலும் ஓடை நீர் பாறை மேல் தெறித்து, மெல்லிய படலமாக உறைந்து நிற்கிறது. கண்ணுக்கு அது வெறும் ஈரப் பாறையாகத் தெரிகிறது. ஊன்றுகோலின் நுனியால் குத்திப் பார்த்தால் ஓசையிலேயே தெரிந்துவிடும். அந்த இடங்களில் எங்கள் குழுவில் பலர் வழுக்கினார்கள். மேலே பனிச் சரிவில் ஒருவரும் விழவில்லை.

ஜூடா கா தாலாப் பகுதியளவு உறைந்திருந்தது. நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சிலர் இறங்கிப் போகிறார்கள். ஓரத்தில் தடித்திருக்கும் பனிக்கட்டி நடுவில் எவ்வளவு மெல்லியது என்பதைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. தயவுசெய்து இறங்காதீர்கள்.

இறக்கத்தில் நாங்கள் பட்ட பாடு ஏற்றத்தைவிடப் பெரிது. உச்சியிலிருந்து அதே நாளில் ஹர்காவ் பக்கம் இறங்குவதென்றால் 1,000 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும்; காலையிலிருந்து நடந்து தளர்ந்த கால்களோடு, எல்லோரும் மிதித்துப் பளபளப்பாக்கிய தடத்தில். அப்போதுதான் சிலர் நடப்பதை விட்டுவிட்டுச் சறுக்கத் தொடங்குகிறார்கள். கீழே பாறையோ மரமோ இல்லாத, ஓடி நிற்பதற்குச் சமதளம் உள்ள, வழிகாட்டி காட்டிய இடத்தில் சறுக்குவதில் தவறில்லை. ஆனால் மைக்ரோஸ்பைக்ஸைக் கழற்றாமல் சறுக்கக் கூடாது. வேகத்தில் ஒரு பல் பனியில் மாட்டினால் பாதம் அங்கேயே நிற்கும், உடம்பு மட்டும் போய்க்கொண்டிருக்கும். கணுக்கால் உடைவது அப்படித்தான். உடைந்த கணுக்காலோடு அந்தக் காட்டிலிருந்து ஒருவரைச் சாங்கிரிக்குக் கொண்டுவர ஆள்கள் தோளில் சுமப்பதும் கோவேறு கழுதையும் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு யோசனை. பாதையோரத்தில் தேநீரும் மேகியும் விற்கும் தற்காலிகக் கடைகளில், மேலே போகும் முன் ஐந்து நிமிடம் நின்று விசாரியுங்கள். காலையில் இறங்கி வந்தவர்கள் எப்படி வந்தார்கள், எந்த வளைவில் விழுந்தார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். உள்ளூர்க்காரர்கள் இறுகிய உறைபனியைப் “பாலா” என்பார்கள். புரோலாவிலிருந்து மோரி போகும் சாலையின் நிழல் வளைவுகளிலும் காலை நேரத்தில் அது படிந்திருக்கும் என்பதால், உங்கள் வண்டி ஓட்டுநர் டேராடூனிலிருந்து இரவில் கிளம்பலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 190 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். பகலில் போனாலே எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகிறது.

நாடி எழுதியது:

மருத்துவர் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தென்னாட்டிலிருந்து போகிறவர்கள் குளிருக்கு அஞ்சி எல்லா உடைகளையும் முதலிலேயே அணிந்துகொண்டு நடக்கத் தொடங்குவதைப் பார்க்கிறேன். பத்தே நிமிடத்தில் வியர்வை உள்ளாடையை நனைத்துவிடும். நின்றவுடன் அந்த ஈரம் உடல் சூட்டை வெளியே இழுக்கும். புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும். அதுவே சரியான அளவு. தோலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ், காற்றைத் தடுக்கும் மேலுறை ஆகியவை நடக்கும்போது போதும். தடித்த டவுன் ஜாக்கெட்டைப் பையில் வைத்திருந்து, நிற்கும் ஒவ்வொரு முறையும் உடனே போட்டு, கிளம்பும் முன் கழற்றுங்கள். பருத்திப் பனியன், ஜீன்ஸ் இரண்டையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். காலுறை இரண்டு போட்டால் சூடு என்று நினைத்து ஷூவை இறுக்கிக்கொள்வதும் தவறு. இரத்த ஓட்டம் தடைபட்டால் விரல்கள் முன்னதாகவே மரத்துப் போகும்.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா. தொடக்கத்தில் கடும் நடுக்கம், கை வேலை செய்யாமை, பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல் அல்லது மௌனம் வரும். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால், தேறிவிட்டார் என்று நினைக்கக் கூடாது. நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது என்பதால், நால்வரும் இருவர் இருவராக ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளுங்கள். கையுறையோடு ஜிப்பை இழுக்க முடிகிறதா, கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் வருகிறதா என்று பார்த்தாலே போதும். இதே உத்தரகாசி மாவட்டத்தில் சஹஸ்திர தால் பாதையில் 2024 ஜூன் மாதம் கர்நாடகத்திலிருந்து சென்ற மலையேற்றக் குழுவினரில் ஒன்பது பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். அது கோடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

உயரம் பற்றியும் ஒரு சொல். 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 62 விழுக்காடுதான். 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே உறங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது பொது விதி; கேதார்காந்தாவின் வழக்கமான பயணத் திட்டம் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம், படுத்தாலும் தணியாத மூச்சிரைப்பு வந்தால் மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டமோ மூச்சிரைப்போ இருந்தால் காத்திராமல் இறங்கிவிடுங்கள். உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை நண்பர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்ள வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் உட்பட எல்லோரும் புறப்படும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்பது நல்லது.

கண்ணாடியை மறக்காதீர்கள். புதுப் பனி புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். மேகமூட்டமான நாளிலும் கண் பாதிக்கப்படும். எரிச்சல் அன்றிரவு கூடாரத்தில்தான் தொடங்கும் என்பதால் பகலில் எச்சரிக்கை எதுவும் கிடைக்காது.

தனிவழி எழுதியது:

எல்லோரும் வழிகாட்டி இருப்பதாகவே வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். டிசம்பர் இறுதியில் இத்தனை கூட்டம் போகும் பாதையில், தடம் தெளிவாகப் பதிந்திருக்கும்போது, ஜி.பி.எஸ். தடத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு நால்வராகப் போவதில் என்ன ஆபத்து? கட்டணமும் மிச்சம், நேரத்தையும் நாமே முடிவு செய்துகொள்ளலாம். தேவதாரு சொல்லும் 5.30 மணிப் புறப்பாடு அப்போதுதான் உண்மையில் சாத்தியமாகும்.

தேவதாரு எழுதியது:

நேரத்தை நாமே முடிவு செய்யலாம் என்பது சரிதான். மற்றவற்றில் உடன்பட மாட்டேன்.

முதலில், இது கோவிந்த் வனவிலங்குக் காப்பகத்துக்குள் வரும் பாதை. நைட்வாரில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது. அனுமதி, கட்டணம், அந்தந்தப் பருவத்தில் நடப்பிலுள்ள விதி எல்லாவற்றையும் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு அதன்படிதான் போக வேண்டும்.

இரண்டாவது, பதிந்த தடம் என்பது அடுத்த பனிப்பொழிவு வரைதான். கூட்டம் போன தடம் ஒரே இரவில் மூடிப்போகும். முகட்டில் காற்று ஒரு மணி நேரத்திலேயே துடைத்துவிடும். மேகம் இறங்கினால் வெள்ளைத் தரையும் வெள்ளை வானமும் ஒன்றாகி, காலுக்குக் கீழே சரிவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே தெரியாது. கைப்பேசி மின்கலம் அந்தக் குளிரில் திடீரென்று அணைந்துபோகும். நெஞ்சருகே உள்சட்டைப் பையில் வைத்திருந்தால்தான் ஓரளவு நிற்கும். கோடையில் இறக்கிய ஜி.பி.எஸ். தடம் குளிர்காலத்தில் நல்ல வழியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் புதுப் பனி கனமாக விழுந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பனிச்சரிவு அபாயம் இருப்பதால், குறுக்காக நடக்காமல் சுற்றிப் போக வேண்டியிருக்கும். எந்தச் சரிவு அப்படிப்பட்டது என்பதைக் கண்ணால் கண்டறியப் பழக்கம் வேண்டும். சண்டிகரில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. உத்தராகண்டின் உயர்ந்த மாவட்டங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அது மாவட்டத்துக்கான எச்சரிக்கை, உங்கள் காலடிக்கானது அன்று.

மூன்றாவது, மேலே கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது. வெளிநாட்டு மலையேறிகளைப் பார்த்துச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வாங்கிக்கொண்டு போகலாம் என்று எண்ணாதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. ஆக, ஒருவர் விழுந்தால் செய்தி சொல்ல இன்னொருவர் இறங்கி ஓட வேண்டும். நால்வரில் ஒருவர் அடிபட்டு, ஒருவர் அவருக்குத் துணையிருந்து, மற்ற இருவரும் பழக்கமில்லாத பனியில் இருட்டும் முன் கீழே ஓடுவதை எண்ணிப் பாருங்கள். மாலை 5.30க்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது.

கட்டணத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால், பெரிய குழுவில் சேர்வதற்குப் பதில் சாங்கிரி கிராமத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரை நால்வருக்கும் தனியாக அமர்த்திக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் நீங்கள் கேட்கும் நேரச் சுதந்திரமும் கிடைத்துவிடும்.

பொதிகை எழுதியது:

புறப்படும் நேரத்தைப் பற்றி ஒரு திருத்தம் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். முந்தைய இரவு மேகமின்றிக் காற்றும் இன்றி இருந்தால், தேவதாரு சொல்வது போல் 5.30க்குக் கிளம்புவதில் இழப்பு ஏதும் இல்லை. பிற்பகலில் மேற்கத்தியக் கலக்கம் வரும் என்று முன்னறிவிப்பு இருக்கும் நாளில் மட்டும், கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு 3 மணிக்கே கிளம்பி 10 மணிக்குள் மரங்களுக்குள் இறங்கிவிடுவது மேல். எந்த நேரத்தில் கிளம்பினாலும் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்து, வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். உச்சி கண்ணுக்கு எதிரே 200 மீட்டரில் இருக்கும்போது எடுக்கும் முடிவு நிதானமாக இருப்பதில்லை.

கோவைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் தனியாக அமர்த்திக்கொள்வது என்று நால்வரும் முடிவு செய்திருக்கிறோம். உச்சிக்குக் காலை 5.30க்குப் புறப்பாடு, எங்கே நின்றாலும் 10.30க்குத் திரும்புவது. முன்னறிவிப்பு மோசமாக இருந்தால் பொதிகை அவர்கள் சொன்னபடி. திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விட்டிருக்கிறோம். பனி பொழிந்து சாலை அடைபட்டால் அது பயன்படும். இன்னும் இரண்டு கேள்விகள் மட்டும் உள்ளன: குடிநீர் உறைந்துவிடும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? மைக்ரோஸ்பைக்ஸைச் சொந்தமாக வாங்கிவிடுவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா?

வால்பாறை எழுதியது:

உறிஞ்சு குழாய் உள்ள நீர்ப்பையைக் கொண்டுவராதீர்கள். முதலில் உறைவது அந்தக் குழாய்தான். அகன்ற வாயுள்ள புட்டியில் நீர் நிரப்பி, கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, மூடி நன்றாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பைக்குள் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பிலிருந்து கட்டத் தொடங்கும் என்பதால் வாய்ப்பக்கம் திறந்தே இருக்கும். உச்சி நாளுக்கு ஆளுக்கு ஒரு சிறு ஃபிளாஸ்க்கில் சர்க்கரை கூடுதலாகப் போட்ட வெந்நீரோ தேநீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோஸ்பைக்ஸ் வாடகைக்கே எடுக்கலாம். ஆனால் சாங்கிரியில் இறங்கிய மாலையே கடைக்குப் போய், நடக்கப்போகும் ஷூவிலேயே மாட்டிப் பார்த்து எடுத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எல்லாக் குழுக்களும் ஒன்றாகக் கிளம்பும்போது கடையில் எஞ்சியிருப்பவை தேய்ந்த பற்களும் பொருந்தாத அளவுகளுமாகத்தான் இருக்கும்.